பசியாவரத்துக்கு ஒரு பழைய மோட்டார்

"பசியாவரம் என்று ஓர் ஊர் இருக்கிறது, போய்விட்டு வாருங்கள்" என்று ஆசிரியர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பசியா வரம்! காஸ் விலையும் காய்கறி விலையும் இருக்கிற இருப்பில், இந்த ஒரு வரம் கிடைத்தால் வேறென்ன வேண்டும்? அப்படி ஓர் ஊர் சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள்ளேயே, பழவேற்காடு ஏரியின் நடுவே, மீனவர் குடிசைகளோடு இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

இது 2022-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்துச் சமாசாரம். எப்படிப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்த மாலையில் எதிர் வீட்டு அம்மாள் காப்பிப் பொடி கடன் வாங்க வந்தார். உண்மையில் அவர் வந்தது காப்பிப் பொடிக்கு அல்ல.

"நீ பழவேற்காடு போகப் போறியாமே? என் பிள்ளை ஞாயித்துக்கிழமை சும்மாத்தான் இருக்கான். அவன் வண்டியிலேயே கூட்டிண்டு போகச் சொல்றேன். போற வழியிலே நீ அவனுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லணும். அந்த ஓட்டை வண்டியை விக்கச் சொல்லணும். பம்பாயிலேருந்து ஒருத்தர் நல்ல விலைக்குக் கேக்கறார். வர்ற பணத்திலே ஒரு கல்யாணத்தையே முடிச்சுடலாம்."

யாருடைய கல்யாணம் என்று நான் கேட்கவில்லை. பையனுக்கு இருபத்தேழு வயது. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயர். ஜாதகம் நாலைந்து வீடுகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. வருகிற பெண் வீட்டாரெல்லாம் வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்து, "பிள்ளையாண்டான் சம்பளமெல்லாம் இதிலேதான் போகிறதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்களாம். பையனின் பெயரை நான் இங்கே போடவில்லை. அவனே கேட்டுக்கொண்டான். பெண் வீட்டார் யாராவது இந்தப் பத்திரிகையைப் படிப்பார்களாம்!

வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. எம்.ஜி. என்பது இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் மாரிஸ் கராஜ் என்ற இடத்தில் பிறந்த பெயர். இன்று அதே பெயரில் நம் தெருக்களில் ஓடும் பெரிய பெரிய கார்களுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டு உறவு அதிகம் இல்லை. பையனுடையது 'டி.டி.' என்ற ரகம். 1949 முதல் 1953 வரை ஏறக்குறைய முப்பதாயிரம் வண்டிகள் செய்தார்கள். பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போய்விட்டன. நம் நாட்டுக்கு வந்தவை கொஞ்சம். பிறகு 1950-களில் அரசாங்கம் வெளிநாட்டு மோட்டார் இறக்குமதியை இறுக்கிக்கொண்டே வந்ததும், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற கம்பெனிகளே கடையைக் கட்டிக்கொண்டு போயின. அதனால் வந்த வண்டிகளை வைத்துக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. இந்த வண்டி ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் பல வருஷம் கிடந்தது. பையன் அதை வாங்கியபோது ஓட்டுகிறவர் ஆசனத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். குஞ்சு பொரிக்கிறவரை காத்திருந்து எடுத்துவந்தானாம். இதைச் சொன்னபோதே எனக்கு அவன்மேல் ஒரு நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டுவிட்டது. புத்தி சொல்ல வருகிறவளுக்கு அது நல்லதல்ல!

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. கரும்பச்சை வண்ணத்தில், தாழ்வாக, இரண்டே ஆசனத்தோடு வண்டி நின்றது. சாவியைத் திருகியதும் 'டிக், டிக், டிக்' என்று எங்கோ ஒரு சுவர்க் கடிகாரம் ஓடுவதுபோல் சத்தம். பெட்ரோல் பம்புதான் அது. மின்சாரத்தில் ஓடுகிறது. கார்புரேட்டர் நிறைந்ததும் சத்தம் நின்றுவிடும். ஆனால் அன்று சத்தமே எழவில்லை. பையன் இறங்கினான், முன்பக்க மூடியைத் திறந்தான், ஸ்பானரால் பம்பின் தலையில் ஒரு தட்டு தட்டினான். 'டிக், டிக்' என்று உடனே ஆரம்பித்துவிட்டது.

"அடி வாங்கினால்தான் வேலை செய்யுமா?" என்றேன்.

"அம்மாவும் என்னைப் பத்தி அதேதான் சொல்றா, அக்கா!"

கூரையை மடித்துவிட்டான். முந்தானையைத் தலையைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டேன். மாதவரம் தாண்டும்போதே என் தலை, காது, மூக்கு எல்லாவற்றிலும் காற்று புகுந்து குடித்தனம் செய்தது. நாற்பது மைல் வேகம்தான். ஆனால் தரைக்கு அத்தனை அருகே உட்கார்ந்திருந்தால் அதுவே பறப்பதுபோல் இருக்கிறது. லாரியின் சக்கரம் என் தோள் உயரத்தில் சுழன்றது. நான் கந்த சஷ்டிக் கவசத்தைப் பாதியிலிருந்து ஆரம்பித்தேன்.

செங்குன்றம் தாண்டி, சோழவரத்தில் வண்டியை ஓரம் கட்டினான். "இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தாமல் போனால் இதுக்குக் கோபம் வந்துடும்" என்று வண்டியைத் தட்டினான். இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானங்கள் இறங்கப் போட்ட ஓடுபாதை சோழவரத்தில் உண்டு. யுத்தம் முடிந்த பிறகு அது மோட்டார்ப் பந்தய மைதானமாயிற்று. 1953-இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்கேதான் 1980-களின் கடைசிவரை பந்தயம் நடத்தியது. என் மாமனார் அந்தக் கூட்டங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு, குடையும் கூஜாவுமாக ஜனங்கள் போவார்களாம். ராஜகுமாரர்கள் கொண்டுவந்த சீமை வண்டிகள் ஒரு பக்கம்; நம்மூர் ஃபியட்டும், பெருங்களத்தூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ஒரு பக்கம். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிற வண்டியையே ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு ஓட்டிய வாலிபர்கள் அநேகம். கெட்டுப்போன சாமானுக்கு மாற்றுக் கிடைக்காது. தாங்களே கடைசலில் கொடுத்துச் செய்துகொள்ள வேண்டியதுதான். கோயமுத்தூர் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை கரிவரதன் அப்படித்தான் பந்தய வண்டிகளையே கட்ட ஆரம்பித்து, கடைசியில் மாருதி என்ஜினை வைத்து இளைஞர்களுக்கென்று 'ஃபார்முலா மாருதி' என்று ஒரு வண்டியைச் செய்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் காலமானார். அந்த ரக வண்டியில் பழகிய நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். பந்தயங்கள் 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டன.

பையன் கையில் எப்போதும் ஒரு ரப்பர்க் குழாய் இருக்கிறது. இந்த வண்டிக்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ஜின் நொண்டும். குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை இதில் ஒரு தரம், அதில் ஒரு தரம் வைத்து, இரண்டின் மூச்சும் ஒரே மாதிரி கேட்கிறதா என்று டாக்டர் மாதிரி பார்க்கிறான். இரட்டை அடுப்பில் இரண்டு பர்னரும் ஒரே தீயாக எரிய வேண்டும் என்று நாம் திருகு திருகு என்று திருகுகிறோமே, அந்த வித்தைதான். இன்னொரு வேடிக்கையும் சொன்னான். இந்த என்ஜினின் போல்ட்டில் புரி பிரெஞ்சுக்காரர் அளவு. தலை மட்டும் ஆங்கிலேயர் அளவு! மாரிஸ் கம்பெனி 1923-இல் கவென்ட்ரியில் பிரெஞ்சுக்காரரின் ஹாட்ச்கிஸ் என்ஜின் தொழிற்சாலையை வாங்கியபோது அங்கிருந்த பிரெஞ்சு யந்திரங்களையும் சேர்த்து வாங்கியது. அந்தப் பழக்கம் விடவில்லை. ஆகவே புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கிடைக்கிற போல்ட் எதுவும் இதற்குச் சேராது. சீமையில் இன்னும் சாமான்கள் செய்கிறார்கள். ஆனால் தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் சாமானின் விலை சிறுத்துவிடும். பெட்ரோலில் எத்தனால் கலக்க ஆரம்பித்ததிலிருந்து பழைய ரப்பர்க் குழாய்கள் வேறு ஊறி வெடிக்கின்றனவாம்.

"இதையெல்லாம் எதுக்குப்பா...?" என்று நான் புத்தி சொல்ல ஆரம்பித்தேன். அதே சமயம் அவன் என்ஜினைக் கிளப்பினான். என் புத்திமதி காற்றோடு போயிற்று.

தச்சூர் கூட்டு ரோட்டில் திரும்பி, பொன்னேரியில் இட்டிலி சாப்பிட்டோம். அங்கிருந்து பழவேற்காடு போகும் சாலை இரு பக்கமும் வயலும் உப்பங்காற்றுமாக அழகாக இருக்கிறது. அந்த அழகை நான் ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

இந்த வண்டியின் கதவுக்குக் கீல் பின்பக்கம். முன்பக்கம் திறக்கும். அதாவது ஓடும்போது கதவு தப்பித் தவறித் திறந்துகொண்டால் எதிர்க்காற்று அதைப் பிடித்து விசிறி அடிக்கும். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியது. என் பக்கத்துக் கதவு 'படார்' என்று திறந்து பின்னால் மோதியது. என் கைப்பை, தண்ணீர்ப் பாத்திரம், ஆரஞ்சுப் பழம் நாலு, எல்லாம் சாலையில். நான் எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் பையன் ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, அடி பட்டுதா? அக்கா!"

அடி இல்லை. ஆனால் கதவு ஒரு தோல்வாரில் தொங்கிக்கொண்டிருந்தது. கீலின் திருகாணிகள் மரத்தோடு பெயர்ந்து வந்திருந்தன. மரமா? ஆமாம், நேயர்களே! இந்த வண்டிக்கு வெளியே தகடு. உள்ளே எலும்புக்கூடு முழுவதும் மரச்சட்டம். எழுபது வருஷத்து மரம். திருகாணியில் ஒட்டியிருந்த மரத்தைத் தொட்டால் நனைந்த அவல் மாதிரி உதிர்ந்தது.

அவன் அந்தத் தூளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக, "அம்மா சொல்றதுதான் சரி. நாளைக்கே பம்பாய்க்காரருக்குப் போன் பண்ணிடறேன்" என்றான். நான் சொல்ல வேண்டிய நாலு வார்த்தையை அந்தப் பள்ளமே சொல்லிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை.

வயலில் நின்ற ஓர் அம்மாள் மாட்டுக் கயிறு ஒன்றைக் கொடுத்தார். கதவைக் கட்டிக்கொண்டு பழவேற்காடு போய்ச் சேர்ந்தோம்.

பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் டச்சுக்காரர்களில்தான் ஆரம்பிப்பார்கள். அவர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியாக் கோட்டை இன்று புதராகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுவது நலம். பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் பெண்களின் கைவேலைதான் என் கண்ணைப் பறித்தது. இரண்டு பெட்டிகள் வாங்கினேன். ஒன்று அஞ்சறைப் பெட்டியாக இருக்கிறது.

ஏலம் நடக்கும் கரையில் வண்டி நின்றதும் கூட்டம் கூடிவிட்டது. இறாலையும் நண்டையும் விட்டுவிட்டு எல்லாரும் எங்களை விலை பேச வந்தவர்கள்போல் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா வண்டிண்ணா இது?" என்றான் ஒரு சிறுவன்.

"எம்.ஜி."

"எம்.ஜி.ஆர். வண்டியா?"

அவ்வளவுதான். செய்தி கரை முழுவதும் பரவிவிட்டது. ஒரு பாட்டி வந்து வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பையன் மறுத்துச் சொல்ல வாயெடுத்தான். நான் கையைப் பிடித்து அழுத்தினேன். வண்டிக்கு அன்று நாலு காவலாளிகள் சம்பளம் இல்லாமல் கிடைத்தார்கள்.

பசியாவரத்துக்குப் படகில் போனோம். பல இடங்களில் ஏரி இடுப்பளவு ஆழம்கூட இல்லை. கழியை ஊன்றித் தள்ளினாலே படகு போகிறது. ஆழம் இல்லை என்று அலட்சியமும் கூடாது: 2011-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து, இருபது பேருக்கு மேல் மாண்டது இதே பழவேற்காட்டில்தான். தூரத்தில் தண்ணீருக்கு மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பூநாரைகள்! வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. முந்தின வாரம்தான், பிப்ரவரி 14-ஆம் தேதி விடியற்காலையில், அங்கிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பிப் போயிருந்தது. ஒரு பக்கம் ராக்கெட், ஒரு பக்கம் கழி ஊன்றும் படகு, நடுவிலே கயிற்றால் கட்டிய கதவோடு எங்கள் எம்.ஜி.!

ஊருக்கும் கரைக்கும் நடுவே பாலத்துக்காகத் தூண்கள் எழும்பி நின்றன. கூடையோடு எங்கள் படகில் வந்த மீன்காரப் பெண் அவற்றைக் காட்டினாள்.

"பாலம் வந்துட்டா போதும்மா. என் மூத்ததுக்கு ராத்திரியிலே வலி எடுத்துது. காத்துன்னா காத்து. படகுக்காரரு வர்றதுக்குள்ளே என் உசிரு என்கிட்ட இல்லே. பொறந்தது படகிலேதான்."

"குழந்தை?"

"தோ!" என்று கழி ஊன்றுகிறவனைக் காட்டினாள். பதினாறு வயசுப் பிள்ளை பல்லைக் காட்டினான்.

இந்த ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்பதற்குப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். நம் தெருக் குழாயடிக்கு இந்த ஞானம் வரக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது. இறால் குஞ்சும் வராது. அப்போது பாடு யாருடையதாக இருந்தால் என்ன? இருளர் பெண்கள் வாயில் பறியைக் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குனிந்து தடவித் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். அரை நாள் குனிந்தால் ஒரு பறி நிறையும் நாளும் உண்டு. நிறையாத நாளும் உண்டு. பசியா வரம் அவ்வளவு லேசில் கிடைத்துவிடுவதில்லை.

கரையில் ஒரு பெரியவர் கவிழ்த்துப் போட்ட படகுக்குத் துண்டுப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். ஃபைபர் படகுகள் வந்த பிறகு மரப்படகுக்கு வேலை குறைந்துவிட்டது என்றார். பையன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து உதிர்ந்த மரத்தூளை எடுத்துக் காட்டினான். பெரியவர் அதை முகர்ந்து பார்த்தார், விரலில் நசுக்கினார்.

"உப்புக் காத்து இல்லே தம்பி இது. மழைத் தண்ணி தேங்கிப் போன மரம். நல்ல தண்ணிதான் மரத்துக்குச் சத்ரு. உப்புத் தண்ணி காவந்து பண்ணும். வண்டி எங்க கீது?"

எங்களோடு படகில் ஏறிக் கரைக்கு வந்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். உளிப்பிடியால் தகட்டின் மேல் அங்கங்கே தட்டி, காதை வைத்துக் கேட்டார். பையன் ரப்பர்க் குழாயோடு கேட்கிறானே, அதே முகபாவம்! கதவுக்குப் பின்னால் தட்டியபோது 'பொத்' என்றது. மற்ற இடங்களில் 'டக் டக்' என்று கணீரென்று கேட்டது.

"இந்த ஒரு கால்தான் செத்துப்போச்சு. மத்தது எல்லாம் உசிரோட கீது. ஒரு எலும்பு போச்சின்னா படகையே வித்துடுவாங்களா?"

பையன் என்னைப் பார்த்தான். நான் ஏரியைப் பார்த்தேன்.

அளவெடுக்கக் காகிதம் வேண்டும் என்றார். என் பையில் இருந்தது நம் பத்திரிகையின் அந்த வார இதழ் ஒன்றுதான். நடுப்பக்கத்தைப் பிரித்து, உளுத்த கட்டையின் வளைவைப் பிடித்துக் கத்தரித்துக்கொண்டார். அது தொடர்கதைப் பக்கம். கதாநாயகிக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு அப்புறம் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "உடைச்ச படகு ஒண்ணு கீது. உப்புத் தண்ணி குடிச்சு இறுகின கட்டை. அதிலே செய்றேன்" என்றார் பெரியவர். முன்பணம் வாங்க மறுத்துவிட்டார். மாட்டுக் கயிற்றை அவிழ்த்து, மீனவர் முடிச்சு ஒன்று போட்டுக் கொடுத்தார். வீடு வந்து சேரும்வரை கதவு இம்மி அசையவில்லை. ஆனால் நான் இறங்கவும் முடியவில்லை! எதிர் வீட்டு அம்மாள் அரிவாள்மணை கொண்டுவந்து கயிற்றை அறுத்துத்தான் என்னை மீட்டார்.

"பேசினியா?" என்றார் காதோரமாக.

"பேசினேன். கதவு கேட்கவில்லை" என்றேன்.

பையன் அம்மாவிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னான். நான் சாலையில் விழ இருந்ததையும் சொன்னான். "அந்தக் கட்டையை மாத்தற வரைக்கும் யாரையும் இதிலே ஏத்த மாட்டேன். மாத்தினப்புறமும் கதவு நிக்கலேன்னா வித்துடறேன்" என்று வாக்குக் கொடுத்தான். அந்த வருஷத்துக்கு முந்தின வருஷம், 2021-இல், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட வண்டிகளைப் புராதன வண்டிகளாகப் பதிவு செய்துகொள்ளச் சர்க்கார் விதி போட்டது. அப்படிப் பதிந்துகொண்டால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் வெளியே எடுக்கலாம். பம்பாய்க்காரர் அப்படித்தான் வைத்துக்கொள்ளப் போகிறாராம். பையன் எம்.எஸ். என்று தொடங்கும் பழைய சென்னை எண்ணையே தவறாமல் புதுப்பித்து, சாலையில் ஓட்டுகிறவன். "ஓடாமல் நின்னா இதுக்கு மூச்சு முட்டும், அக்கா" என்பான்.

ஆறு வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் மீன் வேன் ஒன்று எங்கள் தெருவில் வந்து நின்றது. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து கோணியில் சுற்றிய கட்டை இறங்கியது. என்ன இழைப்பு! தொடர்கதைப் பக்கத்தின் வளைவு அப்படியே இருந்தது. இரண்டு இடத்தில் அரம் போட வேண்டியிருந்தது, மற்றபடி கச்சிதம். ஆனால் வாசனை? இறாலும் நெத்திலியும் நண்டும் சேர்ந்து மூன்று வீடு வரை அடித்தது. எதிர் வீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதுவத்தி, சாம்பிராணி, கற்பூரம் எல்லாவற்றையும் பிரயோகித்துப் பார்த்தார்.

பம்பாய்க்காரர் நேரில் பார்க்க வருவதாகப் போன் செய்தார். அம்மாள்தான் எடுத்தார்.

"இப்போ வராதேங்கோ. வண்டியிலே மீன் நாத்தம் அடிக்கிறது. அது போகட்டும், சொல்லியனுப்பறேன்" என்று வைத்துவிட்டார்.

வைகாசியில் ஒரு பெண் வீட்டார் வந்தார்கள். பெண் படித்தவள், வங்கியில் வேலை. வாசலில் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள். கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். 'டக்' என்று மூடிக்கொண்டது. பிறகு மெல்ல முகர்ந்துவிட்டு, "நெத்திலியா?" என்று கேட்டாள்.

"இறால்" என்றான் பையன்.

அவர்கள் போன பிறகு எதிர் வீட்டு அம்மாள் காப்பிப் பொடியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். இரண்டு ஸ்பூன் அதிகமாகவே இருந்தது.